உறை: மரம்

குசினித் தொட்டிக்குள் அறுபது தேசிக்காய்கள் மிதந்துகொண்டிருந்தன. என் மனுசன் ஜீவரத்தினம் சாரத்தை மடித்துக் கட்டி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒவ்வொன்றாய் எடுத்துப் பிளந்து பிழிந்துகொண்டிருந்தார். வருடத்தில் ஒரு நாள்தான் இந்த மனிதர் குசினிக்குள் வேலை செய்வார். அந்த ஒரு நாளும் எனக்காக இல்லை, தன்னுடைய பதினொரு கத்திகளுக்காக. காலையில் கோலியர்ஸ் வுட்டிலிருந்து டூட்டிங் வரை நடந்துபோய், கடைப் பெட்டியில் கிடந்த தேசிக்காயை எல்லாம் வழித்து அள்ளிக்கொண்டு வந்திருந்தார். "ஊறுகாய் போடவோ அங்கிள்?" என்று கடைப் பிள்ளை கேட்டிருக்கிறாள். இவர், "இல்லைப் பிள்ளை, குளிப்பாட்ட" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அந்தப் பிள்ளை யாரைக் குளிப்பாட்டுவதாக நினைத்ததோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

கத்தி என்று நான் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. கெரிஸ் என்று சொல்ல வேண்டும். ஜாவாத் தீவில் அந்தக் காலத்தில் அடித்தவை. பாம்பு போகிற மாதிரி நெளிந்து நெளிந்து போகும் அலகு, அதன்மேல் வெள்ளை வரியாய் ஓடும் கோலம், இடுப்பில் செருகுவதற்கு ஒரு மர உறை. வெட்டுவதற்காகச் செய்தவை அல்ல. ஆளைக் காக்கும், வீட்டைக் காக்கும், உள்ளே ஒரு சக்தி குடியிருக்கிறது என்பார்கள் அந்தத் தீவுச் சனங்கள். அதனால் தங்கள் வருடப் பிறப்பு மாதத்தில் அவற்றைத் தேசிக்காய்ச் சாறில் கழுவி, சந்தன எண்ணெய் பூசி, திரும்பவும் உறைக்குள் வைப்பார்கள். பாஷாணமும் பூச வேண்டும் என்று ஒரு முறை தொடங்கினார். இந்த வீட்டுக்குள் ஒன்றில் பாஷாணம் இருக்கும், இல்லாவிட்டால் நான் இருப்பேன் என்று சொன்னபிறகு அந்தப் பேச்சை விட்டுவிட்டார். இன்னொரு வழக்கமும் இருக்கிறது. கெரிஸுக்கு விலை பேசக்கூடாதாம். மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கிற கொடை என்று சொல்லித்தான் கைமாற்ற வேண்டுமாம். "என்னட்டைச் சீதனம் வாங்கினியள், இதுகளுக்கு மட்டும் நீங்கள் குடுக்கிறியள்" என்று நான் சொல்லாத வருடம் இல்லை. அவர் சிரிக்காத வருடமும் இல்லை.

பதினொன்றில் பத்து, ஒல்லாந்துச் சந்தைகளிலும் லண்டன் ஏலங்களிலும் அவர் தேடிப் பிடித்தவை. ஒன்று மட்டும் அன்பளிப்பு. அன்று கடைசியாகக் கழுவியது அதைத்தான். அலகைத் துடைத்து, எண்ணெய் பூசி, நெற்றிக்கு நேரே தூக்கிப் பிடித்துவிட்டு உறைக்குள் இறக்கினார். வழக்கம்போல ஒரு விரல் அகலம் வெளியே நின்றுவிட்டது. வழக்கம்போல, "லண்டன் ஈரம்" என்றார். நானும் வழக்கம்போல, "ஓம், ஈரம்தான்" என்றேன். இருபத்தேழு வருடமாக இதைச் சொல்லி வருகிறோம். ஒல்லாந்தில் இருந்தபோது ஒல்லாந்து ஈரம்.

சனிக்கிழமை எங்கள் பகுதி நூலகத்தில் ஒரு கண்காட்சி. இங்கே குடிவந்த சனங்கள் தங்களோடு கொண்டுவந்த பொருள்களை வைக்கிறார்கள். இவர் அந்த அன்பளிப்புக் கெரிஸைக் கொடுக்கச் சம்மதித்திருந்தார். நூலகப் பெண் கூராக இருக்குமா என்று மூன்று தடவை கேட்டு, பூட்டுப் போட்ட கண்ணாடிப் பெட்டி ஒன்றையும் ஒழுங்கு செய்திருந்தாள். பெட்டிக்குள் வைப்பதற்கு ஒரு விவர அட்டை வேண்டும். யாழ்ப்பாணத்தில் நான் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள் என்பதால் எதை எழுதினாலும் என்னிடம் தந்து பிழை பார்ப்பது அவர் பழக்கம். அன்று பின்னேரம் அட்டையைக் கொண்டுவந்து நீட்டினார். அலகைப் பற்றி ஆறு வரி. பதின்மூன்று நெளிவு, சுரகர்த்தா அரண்மனைப் பாணி, நூற்றைம்பது வருடத்துக்குக் குறையாது, தந்தவர் டென்ஹாக் நகரத்து விர்யோ. பிடியைப் பற்றி மூன்று வரி. அதற்குக் கீழே:

உறை: மரம்.

அவ்வளவுதான். மற்றப் பத்துக்கும் அவர் எழுதி வைத்திருக்கிற கொப்பியை நான் பார்த்திருக்கிறேன். உறை எந்த மரம், அந்த மரம் எந்த மலைப் பக்கம் வளரும், எந்த ஊர் வெட்டு என்று பக்கம் பக்கமாய் எழுதுகிற மனிதர் இவர். இதற்கு மட்டும் ஒரு சொல்.

"பிழை ஏதும் இருக்கோ?" என்று கேட்டார்.

"இல்லை."

"பேந்தென்ன அதையே பாத்துக்கொண்டு நிக்கிறீர்? வியாழக்கிழமை சுலாஸ்த்ரி வாறா, தெரியும்தானே. தகப்பன்ர கெரிஸைக் கண்ணாடிக்குள்ள வைக்கமுன்னம் ஒருக்காக் கையில எடுத்துப் பாக்க வேணுமாம்."

விர்யோ ஐயாவின் மகள். சின்ன வயதிலிருந்து அந்தக் கெரிஸைப் பார்த்து வளர்ந்தவள். அவள் கைக்கு அது போனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் அந்த உறை அவளுடைய தகப்பனுடையது அல்ல. அதைச் செய்வித்தவள் நான்.

கதை இதுதான். எனக்கும் இவருக்கும் பேச்சுக்கால் முடிந்து பொருத்தமும் பார்த்தது தொண்ணூற்றிரண்டில். இவர் அப்போது டென்ஹாக்கில், ஜாவாவிலிருந்து வந்து குடியேறின விர்யோ ஐயாவின் பலசரக்குக் கடையில் நின்றார். முன்னுக்கு மசாலாவும் அரிசியும் விற்பார்கள், பின்னுக்குக் கச்சான் கடலை இடித்துக் குழம்பு வைப்பார்கள். இடிப்பது இவர் வேலை. அகதி வழக்கு முடியாததால் நாட்டை விட்டு வெளிக்கிட ஏலாது. நானோ யாழ்ப்பாணத்தில், பாதை எல்லாம் பூட்டியிருந்த காலம். இவர் கவலையோடு இருப்பதைப் பார்த்துவிட்டு விர்யோ ஐயா ஒரு நாள், தங்கள் ஊரில் முந்தி மாப்பிள்ளை வர முடியாவிட்டால் அவனுடைய கெரிஸ் வந்து மணவறையில் இருக்கும், பெண் அதன் பக்கத்தில் இருப்பாள் என்று சொல்லியிருக்கிறார். சொன்னதோடு விடவில்லை. வீட்டுக்குள் போய்த் தன்னுடைய தகப்பன் வழிக் கெரிஸை எடுத்து வந்து இவர் கையில் கொடுத்துவிட்டார். தனக்கு ஆண்பிள்ளை இல்லை என்றாராம். இவர் அந்த இடத்திலேயே அழுததாக எனக்குக் கடிதத்தில் எழுதியிருந்தார். பிற்பாடு கேட்டால் கச்சான் தூசி என்பார்.

ஆனால் கத்தியை யாழ்ப்பாணத்துக்கு எப்படி அனுப்புவது? அதனால் அலகைத் தன்னோடு வைத்துக்கொண்டு உறையை மட்டும் கொடுத்துவிட்டார். கொண்டுவந்தவர் கொட்வின் அண்ணை. ஒரே அறையில் இவரோடு படுத்தெழும்பின கூட்டாளி. தாய்க்கு வருத்தம் கடுமை என்று கேள்விப்பட்டு, வதிவிடக் காகிதம் கிடைத்த கையோடு ஊருக்கு வெளிக்கிட்டவர். தாண்டிக்குளம் சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் அந்த உறையைப் பிடித்துவிட்டான். உறை இருந்தால் கத்தி எங்கே என்று கேட்டு ஒரு பகலும் ஓர் இரவும் இருத்தி வைத்திருந்தார்கள். அடியும் விழுந்தது. அதை எறிந்துவிட்டு வந்திருக்கலாமே என்று அப்பா கேட்டபோது, "எறிஞ்சிட்டு வந்து அவனுக்கு என்னத்தைச் சொல்லுறது ஐயா" என்றார். உதடு வெடித்திருந்தது, சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

நிச்சயதார்த்தம் எங்கள் வீட்டு விறாந்தையில் நடந்தது. எனக்குப் பக்கத்தில் ஒரு கதிரை போட்டு, பட்டுச் சால்வை விரித்து, அதன்மேல் உறையை வைத்தார்கள். வாய்ப் பக்கம் ஒரு சின்ன வள்ளம் மாதிரி இருக்கும். ஒரு புறம் வள்ளத்தின் முன்முனையான அணியம் போலத் தூக்கி வளைந்திருக்கும், மறுபுறம் உருண்டு தாழ்ந்திருக்கும். தேன் நிறத்தில் கருப்புத் திட்டுகள். ஐயர் இதென்ன என்று கேட்டார். அப்பா கொஞ்சமும் யோசிக்காமல், "மாப்பிள்ளை வந்திருக்கிறார்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை. எனக்கு உண்மையாகவே யாரோ பக்கத்தில் இருக்கிற மாதிரி இருந்தது. சந்தன வாசம் வந்துகொண்டே இருந்தது. அன்றிலிருந்து அதை என் தலைமாட்டில்தான் வைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் கோடு போடுகிற அடிமட்டத்தை அதற்குள் செருகி வைப்பேன். அடிமட்டம் முழுதாய் இறங்கி, வாயிலிருந்து நாலு விரல் ஆழத்தில் நிற்கும். பிறகு கவிழ்த்துத் தட்டி எடுக்க வேண்டும். பைத்தியக்காரி என்று அக்கா கலாவதி பகிடி பண்ணுவாள்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஐப்பசியில், ஆமி வருகிறான் என்று யாழ்ப்பாணம் முழுவதும் ஓரிரவில் எழும்பி நடந்தது. நாங்களும் நடந்தோம். கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் இடம் கிடைத்தது. நாலு நாள் மழை விடவில்லை. கலாவதியின் பிள்ளைக்கு அன்றைக்குப் பன்னிரண்டு நாள். ஐந்தாம் நாள் விடிய அந்தக் குஞ்சு குளிர்ந்து, அழுகையும் நின்று, உதடு நீலமாகிவிட்டது. சுடுதண்ணீர் வேண்டும், துணியைக் காய்ச்சி ஒத்த வேண்டும். வாங்கு மேசை எல்லாம் எங்களுக்கு முன் வந்த சனங்கள் எரித்துவிட்டார்கள். வேலிக் கதியால் நனைந்து ஊறிப் போயிருந்தது, புகைந்ததே தவிர எரியவில்லை. என் பைக்குள் பொலித்தீன் சுற்றி ஒரு துளி ஈரம் படாமல் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

யோசித்தேன் என்று சொல்ல மாட்டேன். யோசித்திருந்தால் ஒருவேளை கை வந்திருக்காது. அது எண்ணெய் குடித்த மரம், பிடித்தவுடன் எரிந்தது. ஒரு கேத்தில் தண்ணீர் கொதிக்க அது போதுமாயிருந்தது. அந்த ஈரப் பள்ளிக்கூடம் முழுக்கச் சந்தனம் மணந்தது. களைத்துப் போன கலாவதி நித்திரை. அப்பா மட்டும் பார்த்தார். பார்த்துவிட்டு ஒரு தடியால் தணலை ஒதுக்கி விட்டார். அந்தப் பிள்ளைக்கு இப்போது முப்பது வயது, ரொறன்ரோவில் பல் வைத்தியர். தன்னை எது சூடாக்கியது என்று அவளுக்குத் தெரியாது.

அப்போதே இவருக்கு எழுதியிருக்கலாம். எழுதவில்லை. நான் அப்போது இருபத்தேழு வயதுப் பெண், வெளிநாட்டு மாப்பிள்ளைக்கு நாலாவது வருடமாகக் காத்திருக்கிறேன். மாப்பிள்ளையைக் கதிரையில் இருத்தி நிச்சயம் செய்துவிட்டு, மாப்பிள்ளையையே அடுப்பில் வைத்தவள் என்று அவருடைய தாயின் காதுக்குப் போனால் என்ன நடக்கும்? அபசகுனம் என்று ஒரு சொல் போதும். நாங்கள் வன்னியில் மல்லாவிக்குப் போன பிறகு அவருடைய கடிதம் வந்தது. "உறை பத்திரம்தானே? வரும்போது அதை மட்டும் கொண்டுவாரும், வேறு ஒன்றும் தேவையில்லை" என்று எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு கிணற்றடியில் நெடுநேரம் இருந்தேன். பிறகு எழும்பிப் போய், கரையோரத்திலிருந்து இடம்பெயர்ந்து அங்கே வந்திருந்த, வள்ளம் கட்டுகிற ஓடாவியார் ஒருவரைப் பிடித்தேன்.

மணலில் கீறிக் காட்டினேன். "இதென்ன பிள்ளை, வள்ளத்துக்கு வால் வைச்ச மாதிரி?" என்றார். அடிமட்டத்தைக் கொடுத்து, இது முழுதாய் இறங்கி மேலே நாலு விரல் மிஞ்ச வேண்டும் என்றேன். பழைய வேப்பந்தூண் ஒன்றிலிருந்து பதினொரு நாள் செதுக்கினார். கூலியாக இரண்டு கட்டிச் சவர்க்காரம் கேட்டார், அந்தக் காலத்து வன்னியில் அது பெரிய கூலி. தேயிலைச் சாயம் காய்ச்சிப் பூசி, தேங்காய் எண்ணெய் தடவித் தடவி, வெயிலில் வைத்து எடுத்து நிறத்தைக் கொண்டுவந்தேன். சந்தன வாசம் மட்டும் வரவில்லை.

தொண்ணூற்றெட்டில் ஒல்லாந்தில் கோயிலில் தாலி கட்டி முடிந்ததும், எல்லோருக்கும் முன்னால் அலகை எடுத்து அந்த உறைக்குள் இறக்கினார். ஒரு விரல் அகலம் வெளியே நின்றது. என் கழுத்தில் புதுத்தாலி. அவர் உறையைத் திருப்பிப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், பிறகு சபையைப் பார்த்து, "இந்த ஊர் ஈரத்துக்கு மரம் இறுகிப் போச்சு" என்றார். எனக்கு மூச்சு வந்தது. விர்யோ ஐயா அதைப் பார்க்க இருக்கவில்லை, அதற்கு முந்தின மாரியில்தான் காலமாகியிருந்தார். அதற்காக நான் உள்ளுக்குள் நிம்மதிப்பட்டேன் என்பதை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது.

இந்த வாரம் திங்கள் சொல்லத் தொடங்கினேன், தொலைபேசி அடித்தது. செவ்வாய் சொல்லலாம் என்று தேத்தண்ணி போட்டுக்கொண்டு போனால், கண்ணாடிப் பெட்டிக்கு எந்த நிறத் துணி விரிப்பது என்று கேட்டார். அவ்வளவு சந்தோசமாக அவரை நான் கண்டு கனநாள். புதன் சொல்லவே முயலவில்லை. வியாழன் பின்னேரம் சுலாஸ்த்ரி வந்து இறங்கிவிட்டாள்.

எனக்கு நாலைந்து வயது மூத்தவள், கட்டையாய் வெட்டிய நரைமுடி, தகப்பனுடைய அதே சிரிப்பு என்றார் இவர். கொண்டுவந்த பெட்டிக்குள் கச்சான் குழம்புக்கான மசாலாக் கூட்டுக்கட்டி. அதை முகர்ந்த உடனே இவருக்கு இருபத்தைந்து வயதாகிவிட்டது. கடைப் பின்கதவில் தொங்கிய மணி, சனிக்கிழமைகளில் விர்யோ ஐயா போடுகிற பழைய ரேடியோ, மழைக்கு வாசலில் விரிக்கிற சாக்கு, எல்லாவற்றையும் இருவரும் மாறி மாறிச் சொல்லிச் சிரித்தார்கள். ஐந்து வருடம் ஒல்லாந்தில் இருந்ததில் எனக்கு அவர்கள் பேசிய டச்சு விளங்கும், பேசினால்தான் தடக்கும். நான் இடியப்பத்தைத் தட்டில் வைத்துக்கொண்டே கெரிஸ் இருந்த மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டுக்கு முன்பே அவள் கேட்டுவிட்டாள். இவர் இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். அவளும் இரண்டு கையாலும் வாங்கினாள். வாங்கியவுடன் கை நின்றது. உறையைத் திருப்பினாள், திரும்பவும் திருப்பினாள், மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனாள். "இது மறுபக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறதே" என்றாள். அணியம் இருக்க வேண்டிய பக்கத்தில் தாழ்ந்த பக்கமும், தாழ்ந்த பக்கத்தில் அணியமும் இருந்தன. மணலில் நான் இடம் வலம் மாற்றிக் கீறியிருக்கிறேன். இத்தனை வருடமும் அலகு அதற்குள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க ஒரு பார்வை போதும் என்றால், ஊரில் உள்ள கெரிஸ் புத்தகம் எல்லாம் வாங்கிப் படித்த என் மனுசனுக்கு?

அவர் தலையைக் குனிந்துகொண்டு பேசினார். "உங்கள் அப்பாவிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். இது அவருடைய உறை இல்லை. கலியாணத்தன்றே எனக்குத் தெரியும். என் சிநேகிதன் ஒருவனை நம்பிக் கொடுத்துவிட்டேன். அவன் கொழும்பில் அதை விற்றுவிட்டு, எங்கேயோ ஒரு போலியைச் செய்வித்துக் கொடுத்திருக்கிறான். இவ பாவம், அந்தப் போலியை உயிரைப் போலக் காத்துக் கொண்டுவந்தா. அதனால் நான் இவவுக்குச் சொல்லவில்லை."

இடியப்பத் தட்டு என் கையில் இருந்தது. அதை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை.

கொட்வின் அண்ணையோடு இவர் ஏன் பேச்சை விட்டார் என்பதற்கு நான் எத்தனையோ காரணம் கற்பித்து வைத்திருந்தேன். இயக்கத்துக் காசாக்கும், ஏதோ வாய்த்தர்க்கமாக்கும் என்று. கேட்டால், "அது பழைய கதை, விடும்" என்பார். அவரும் லண்டனுக்கு வந்து செவன் கிங்ஸில் இருக்கிறார் என்று தெரியும். மகளின் கலியாணத்துக்குக் கார்ட் வந்தது, போகவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் அவருடைய மனைவி பிரியந்தி தவறிப் போனபோது, செத்தவீட்டுக்குக்கூட இவர் போகவில்லை. என்னையும் போக விடவில்லை. தாண்டிக்குளத்தில் ஒரு பகலும் ஓர் இரவும் அடி வாங்கிக்கொண்டு அந்த உறையை எறியாமல் கொண்டுவந்த மனிதரை.

"கொட்வின் அண்ணை விக்கேல்லை" என்றேன். "நான்தான் எரிச்சனான்."

அவர் விளங்காமல் பார்த்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மழை, பிள்ளை, கேத்தில், அப்பா, ஓடாவியார், அடிமட்டம். சொல்லி முடிய, சுலாஸ்த்ரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. அதனால் அதே கதையை என் உடைந்த டச்சில் இரண்டாவது தடவையும் சொல்ல வேண்டி வந்தது. முதல் தடவையைவிட அதுதான் கொடுமை, ஏனென்றால் அந்த மொழியில் எனக்கு மூடி மறைத்துச் சொல்லத் தெரியாது. எரித்தேன். பொய் சொன்னேன். அவ்வளவு சொற்கள்தான் என்னிடம் இருந்தன.

சுலாஸ்த்ரி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "குழந்தை?"

"இருக்கிறாள்" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். பிறகு கெரிஸை மேசையில் வைத்துவிட்டு, இடியப்பத்தை எடுத்து எல்லோருடைய சாப்பாட்டுக் கோப்பையிலும் வைத்தாள்.

அவள் தங்குமிடத்துக்குப் போகும்வரை இவர் மரியாதைக்குப் பேசினார். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பியவுடன்தான் என்னைப் பார்த்தார். "இருபத்தேழு வருசம் எனக்கு ஒரு சொல் சொல்லேல்லையே நீர்."

"நீங்கள் சொன்னீங்களோ?" என்றேன். எனக்கும் கோபம் வந்துவிட்டது. "என்னட்டை ஒருக்காக் கேட்டிருந்தால்? அந்த மனுசனிட்டை ஒருக்காக் கேட்டிருந்தால்?"

என்மேல் பழியை அவர் போடட்டும், தாங்கலாம். ஆனால் என்னை நோகவைக்கக் கூடாது என்று அவரும், அவர் என்னை விட்டுவிடக் கூடாது என்று நானும் இத்தனை வருடம் வாயை மூடியிருந்ததற்கு, இடையில் நின்ற ஒருவர் விலை கொடுத்திருக்கிறார். அதை நினைக்க நினைக்க எனக்கு அழுகை வந்தது. அவர் தோட்டத்துக்குப் போய்ப் படியில் இருந்தார். நான் போய்ப் பக்கத்தில் இருக்கவில்லை.

வெள்ளி காலையில் அட்டை மேசையில் கிடந்தது. "மரம்" என்ற சொல்லைப் பேனையால் வெட்டி, பேனையை அதற்கு மேலேயே வைத்திருந்தார். நான் எழுதினேன்: வேப்ப மரம். மல்லாவி, 1996. அவர் குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொட்வினிட்டைப் போக வேணும்" என்றார்.

"வெளிக்கிடுங்கோ, போவம்."

சேட்டு மாட்டினார். சப்பாத்தைப் போட்டார். வாசல் வரை வந்தார். அங்கே கதவுப் பிடியில் கையை வைத்தபடி நின்றுவிட்டார். "என்னால ஏலாது மாலினி. பிரியந்தியின்ர செத்தவீட்டுக்குப் போகாதவன், எந்த முகத்தோட அந்த வாசல்ல நிக்கிறது?" என்றார். அறுபத்து மூன்று வயது மனிதர், பள்ளிக்கூடத்துக்குப் போக மாட்டேன் என்கிற பிள்ளை மாதிரிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. சப்பாத்தைக் கழற்றாமலே உள்ளே போனார். அலகை உருவி மெத்தைத் துணியில் சுற்றி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். உறையை மட்டும் கொண்டுவந்து என் கையில் தந்தார்.

புடவைக் கடைப் பை ஒன்றுக்குள் அதை வைத்துக்கொண்டு கோலியர்ஸ் வுட்டில் ரயில் ஏறினேன். மூர்கேட்டில் இறங்கி மாறும்போது இரண்டு பொலிஸ்காரர் நின்றார்கள். உறை இருந்தால் கத்தி எங்கே என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? அவர்கள் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. சேலை கட்டின கிழவியின் பையில் என்ன இருக்கப்போகிறது?

செவன் கிங்ஸில் கொட்வின் அண்ணை தானே கதவைத் திறந்தார். மெலிந்திருந்தார், காது மெசின் போட்டிருந்தார். என்னை அடையாளம் காணக் கொஞ்சம் நேரம் பிடித்தது. கண்டதும், "வாரும் தங்கச்சி" என்று மட்டும் சொன்னார். வரவேற்பறைச் சுவரில் பிரியந்தியின் படம், அதற்குக் கீழே சின்ன மின்விளக்கு. முதலில் அதற்கு முன்னால் போய் நின்றேன். பிறகு கதிரையில் இருந்து, மூன்றாவது தடவையாக அந்தக் கதையைச் சொன்னேன். இந்த முறை இவர் என்ன நினைத்தார் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். "வித்திட்டன் எண்டு நினைச்சவனோ" என்று கொட்வின் அண்ணை கடைசியில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தாண்டிக்குளத்தில் வெடித்த உதட்டில் அந்தத் தழும்பு இன்னும் இருந்தது. விரல் தானாக அதைத் தடவியது.

பிறகு கேட்டார். "அவன் வரேல்லையோ?"

நான் பையைத் திறந்தேன். உறையை எடுத்து, எனக்குப் பக்கத்தில் வெறுமையாய் இருந்த கதிரையில் வைத்தேன். அணியம் தவறான பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

"வந்திருக்கிறார் அண்ணை" என்றேன்.

அவர் உறையைப் பார்த்தார். சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. எழும்பி மெதுவாகக் குசினிக்குள் போனார். கேத்தில் கொதிக்கிற சத்தம் கேட்டது. அலுமாரிக் கதவு திறந்து மூடியது. அவர் திரும்பி வரமாட்டாரோ என்று நான் நினைக்கத் தொடங்கிய நேரம், ஒரு தட்டத்தில் மூன்று கோப்பைகளோடு வந்தார். ஒன்றை என்னிடம் தந்தார். ஒன்றைத் தனக்கு வைத்துக்கொண்டார். மூன்றாவதை வைக்க ஒரு சின்ன முக்காலியை இழுத்துக் கதிரைக்கு முன்னால் போட்டார்.

"அவனுக்கு மூண்டு சீனி" என்றார்.

இப்போது சலரோகம், சீனி ஆகாது என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. வேப்ப மரத்து உறைக்கு முன்னால் தேத்தண்ணியின் ஆவி மெல்ல எழும்பிக்கொண்டிருந்தது.